மஞ்சள் வரிசை

ஜூன் 3

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். மூன்று வருடமாகப் பேசாத தம்பிக்கு அப்படி எழுதக் கை வரவில்லை. நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். எனக்கு ஒரு ஜெனரேட்டர் பிரச்சினை.

நான் இப்போது தலைநகர் ஆஸ்பத்திரியில் இல்லை. நான்கு மாதமாகத் துறைமுக ஊரில் இருக்கிறேன். நிலநடுக்கம், வெள்ளம், கொள்ளைநோய் என்று எங்காவது நடந்தால் கூடாரத்தையும் மருந்தையும் தூக்கிக்கொண்டு ஓடும் மருத்துவக் குழுக்கள் இருக்கின்றன அல்லவா, அவர்களுக்கு இங்கே ஒரு பயிற்சி மையம் அமைக்கிறோம். சுற்றியுள்ள ஆறு நாடுகளுக்கும் சேர்த்து இது ஒன்றுதான். பயிற்சிக்குப் பொறுப்பு நான். இருபத்திரண்டு வருடம் நர்ஸாக ஓடியவளுக்கு இப்போது ஒரு நாற்காலி கொடுத்திருக்கிறார்கள். அதில் உட்காரத்தான் நேரமில்லை.

இடம் ஒரு பழைய பஸ் டிப்போ. எவ்வளவு கழுவினாலும் கிரீஸ் வாடை போக மாட்டேன் என்கிறது. பஸ்ஸுக்கு அடியில் நின்று வேலை பார்க்க வெட்டிய குழிகள் ஏழு இருக்கின்றன. மூடிவிடலாம் என்றார் இன்ஜினியர். நான் விடவில்லை. இடிபாட்டுக்குள் இறங்கிப் பழக வேறெங்கே இடம் கிடைக்கும்? உடைந்த கான்கிரீட்டை லாரியில் கொண்டுவந்து கொட்டியிருக்கிறோம். ஊரெல்லாம் இடித்ததை வெளியே கொட்டுகிறது, நாங்கள் உள்ளே கொட்டுகிறோம் என்று வாட்ச்மேன் தலையில் அடித்துக்கொள்கிறார்.

வெளி மைதானத்தில் கூடார ஆஸ்பத்திரி போட்டிருக்கிறோம். அறுவைக் கருவிகளை வேகவைக்கும் ஸ்டெரிலைசரைப் போட்டால் கூடாரம் முழுக்க விளக்கு மங்கிவிடுகிறது. இத்தனைக்கும் பெரிய ஜெனரேட்டர். எங்கள் எலக்ட்ரீஷியன் "இதைவிடப் பெரிசா ஒண்ணு வாங்கிடுங்க மேடம்" என்கிறார். எனக்கு நம்பிக்கை இல்லை. மின்சாரத்தில் நான் நம்பும் ஆள் ஒருவன்தான்.

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. பதில் போட மனமில்லை என்றால் ஜெனரேட்டருக்கு மட்டுமாவது போடு.

அக்கா


ஜூன் 14

அக்காவுக்கு,

இது ஜெனரேட்டரைப் பற்றிய கடிதம். வேறொன்றும் இல்லை.

பெரிதாக வாங்கச் சொன்னவருக்கு ஜெனரேட்டர் விற்கிற மச்சான் யாராவது இருப்பார். வாங்காதே. அதிலிருந்து மூன்று பேஸ் வரும். ஸ்டெரிலைசர், ஏ.சி., தண்ணீர் மோட்டார் மூன்றையும் ஒரே பேஸில் தொங்கவிட்டிருப்பார்கள். ஒருவன் தலையில் மூன்று மூட்டையை ஏற்றிவிட்டு மற்ற இரண்டு பேரைக் கைவீசி நடக்கவிட்டால் எப்படி இருக்கும், அப்படி. பிரித்துப் போடச் சொல். கூடாரம் தூரத்தில் இருந்தால் கேபிளையும் தடிமனாக மாற்றச் சொல். எர்த் கம்பி ஈர மண்ணில் இறங்கியிருக்கிறதா என்று நீயே குனிந்து பார். "எல்லாம் போட்டாச்சு மேடம்" என்றால் நம்பாதே.

அவ்வளவுதான்.

உறையில் போடும்போது என் வீட்டுக்காரி பிடுங்கிப் படித்தாள். "மூணு வருஷம் கழிச்சு அண்ணிக்கு எழுதற கடுதாசியா இது? ரிப்பேர் சீட்டு மாதிரி இருக்கு" என்றாள். அதனால் இதையும் சேர்க்கிறேன். உன் மருமகள் குண்டூசி ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டாள். பெயருக்கேற்ற மாதிரிதான் இன்னும் இருக்கிறாள், தலை மட்டும் பெரிது. அம்மா உன்னைப் பற்றி என்னிடம் பேசுவதில்லை, என்னைப் பற்றி உன்னிடம் பேசுவாள் என்று தெரியும். நான் எரிந்த மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். மின்கம்பத்தில் ஏறிக்கொண்டிருந்தவனுக்கு உட்கார்ந்து செய்யும் வேலை பழக ஒரு வருடம் ஆயிற்று.

தம்பி


ஜூலை 2

அன்புள்ள தம்பிக்கு,

விளக்கு மங்கவில்லை. நீ சொன்னது அப்படியே சரி, மூன்றும் ஒரே பேஸில்தான் இருந்தன. எர்த் கம்பியைக் குனிந்து பார்த்தேன். காய்ந்த சரளைக்குள் ஒரு சாண் இறங்கியிருந்தது. எலக்ட்ரீஷியன் இப்போது என்னைக் கண்டால் ஸ்டோர் வழியாகச் சுற்றிப் போகிறார். உன் கடிதத்தின் ஜெனரேட்டர் பகுதியைப் பிரதி எடுத்து ஒட்டி வைத்திருக்கிறேன். மற்ற பகுதியை நான் வைத்துக்கொண்டேன்.

போன வாரம் எங்கள் முதல் ஒத்திகை நடந்தது. நிலநடுக்கத்தில் நம் ஊர் ஆடிய நாளில் பதினொரு குழுக்கள் வந்தன, நினைவிருக்கும். யாரை முதலில் பார்ப்பது என்பதற்கு ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு நிறப் பட்டை கட்டியது. எங்களுக்கு மஞ்சள் என்றால் 'காத்திருக்கலாம், ஆனால் கண் வைத்திரு'. இன்னொரு குழுவுக்கு மஞ்சள் என்றால் தொற்றுநோய், கிட்டே போகாதே. ஒரே மைதானத்தில் இரண்டும் நடந்தது. அந்த மாதிரி இனி நடக்கக் கூடாது என்றுதான் இந்த மையமே. சிவப்பு உடனே, மஞ்சள் காத்திருக்கலாம், பச்சை நடந்து போகலாம். ஆறு நாட்டுக்கும் இனி இதுதான். இதற்கு ஒப்புக்கொள்ள வைக்கவே ஒன்பது கூட்டம் நடந்தது.

ஒத்திகைக்குக் காயம்பட்டவர்களாக நடிக்க ஒரு நாடகக் குழுவைக் கூப்பிட்டோம். விரலில் வெட்டுப்பட்டவராக வந்தவர் உயிர் போவது போலக் கத்தி நான்கு நர்ஸ்களைத் தன் பக்கம் இழுத்துவிட்டார். நெஞ்சில் அடிபட்டு மூச்சுவிட முடியாதவர் எழுந்து நின்று வசனம் பேசினார். எங்கள் இயக்குநர், பெரிய டாக்டர் என்று கூப்பிடுவோம், சிரிக்கவே தெரியாத பெண்மணி. அன்று கோப்பால் முகத்தை மூடிக்கொண்டு தோள் குலுங்க உட்கார்ந்திருந்தார்.

பயிற்சிப் புத்தகம் முழுவதும் நான்தான் எழுத வேண்டும். பதினான்கு பாடம் முடித்துவிட்டேன். மஞ்சள் வரிசையைப் பற்றிய பாடம் மட்டும் நிற்கிறது. தலைப்பைப் போட்டுவிட்டு நான்கு வாரமாகத் தாளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உன் கால் எப்படி இருக்கிறது? இந்த ஒரு வரியைக் கேட்கத்தான் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன் போலிருக்கிறது.

அக்கா


ஜூலை 20

அக்காவுக்கு,

கால் எப்படி இருக்கிறது என்று கேட்கிறாய். எந்தக் கால்? வலது கால் நன்றாக இருக்கிறது. இடது கால் முழங்காலுக்குக் கீழே எங்கே போயிற்று என்று உங்கள் ஆஸ்பத்திரிக்காரர்களிடம்தான் கேட்க வேண்டும்.

நாடகத்துக்காரர் கத்தியதை எழுதியிருந்தாய். சிரிப்பு வந்தது. அப்புறம் நிலநடுக்கத்தை விளையாட்டாக்கிவிட்டார்களே என்று கோபம் வந்தது. அன்று என் பக்கத்தில் கிடந்தவர்கள் யாரும் வசனம் பேசவில்லை.

உனக்குப் பாடம் எழுத வரவில்லை என்றால் நான் சொல்கிறேன், எழுதிக்கொள். என்னை ஒரு கதவில் போட்டுத் தூக்கி வந்தார்கள். பள்ளிக்கூட மைதானத்து வாசலில் நீ நின்றாய். உன்னைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று. நீ காலைப் பார்த்தாய். கையில் மஞ்சள் பட்டையைக் கட்டினாய். "பேர் சொல்லுங்க" என்றாய். எனக்குப் பேர் வைத்ததே நீதான் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பாள். அந்தப் பேரைக் கேட்டு எழுதிக்கொண்டாய். சொல்லு என்றுகூட இல்லை, சொல்லுங்க.

அதற்கப்புறம் ஆறு மணி நேரம். தரையில் கிடந்தால் கால்கள்தான் தெரியும். நீ ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தாய். நான்கு தடவை என்னைத் தாண்டிப் போனாய். நான் எண்ணினேன், வேறு வேலை என்ன இருந்தது?

கால் போனதற்கு உன்மேல் நான் பழி போடவில்லை. என்னைவிட மோசமானவர்கள் இருந்தார்கள், என் கண்முன்னே இரண்டு பேர் செத்தார்கள். எனக்கு அதெல்லாம் புரிந்தது. ஆனால் ஒரே ஒரு தடவை குனிந்து "டேய், இருக்கியா" என்று கேட்டிருக்கலாம். அதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? காலை எடுத்த பிறகு ஆஸ்பத்திரிக்கு வந்தாய். கதவுக்கு வெளியே நின்று டாக்டரிடம் பேசிவிட்டுப் போய்விட்டாய். உன் குரல் கேட்டது. உள்ளே வருவாய் என்று என் வீட்டுக்காரி நாற்காலியைத் துடைத்து வைத்திருந்தாள்.

அந்த நாற்காலிக்காகத்தான் போனை எடுக்கவில்லை.

தம்பி


ஜூலை 29

தம்பி,

நீ நான்கு தடவை என்கிறாய். எட்டு தடவை.

இதை யாரிடமும் நான் சொன்னதில்லை. அன்று மஞ்சள் வரிசையில் இருபத்தாறு பேர். மஞ்சள் கட்டிவிட்டால் வேலை முடியாது. அரை மணிக்கு ஒரு தடவை ஒவ்வொருவரிடமும் திரும்பிப் போக வேண்டும், நாடி பார்க்க வேண்டும், அடிபட்ட கை காலைத் தொட்டுப் பார்க்க வேண்டும். மஞ்சள் எப்போது வேண்டுமானாலும் சிவப்பாகும். அந்த வரிசையைத் திரும்பப் பார்க்கும் வேலை என்னுடையது. அன்றைய நெரிசலில் எட்டு தடவைதான் நடக்க முடிந்தது. எட்டு தடவையும் பன்னிரண்டாவது ஆளிடமிருந்து பதினான்காவது ஆளிடம் போனேன். பதின்மூன்று நீ.

வாசலில் உன்னைக் கண்டதும் என் கை தானாகச் சிவப்புப் பட்டைக்குப் போனது. அந்த நேரத்தில் உன் கால் சிவப்பு இல்லை. பாதத்தில் நாடி இருந்தது, விரலை அசைத்தாய். உனக்குச் சிவப்பு கட்டியிருந்தால் உனக்குப் பின்னால் உண்மையிலேயே சிவப்பாக வந்த ஒரு பெண்ணை நிறுத்தி வைத்திருப்பார்கள். கையை இழுத்துக்கொண்டேன். பேர் கேட்டது என் வாய் அல்ல, சட்டத்தின் வாய். மற்றவர்களிடம் எப்படிப் பேசினேனோ அப்படியே பேசிவிட்டால் தப்பு செய்ய மாட்டேன் என்று நினைத்தேன். அதற்கப்புறம் என் கையை நான் நம்பவில்லை. உன்னைக் குனிந்து பார்த்தால், ஒரு முனகல் கேட்டால், உன்னைத் தூக்கிக்கொண்டு அறுவைக் கூடாரத்துக்கு ஓடிவிடுவேன் என்று பயந்தேன்.

கூட இருந்த ஒரு நர்ஸிடம் "பதின்மூணை நீ பாத்துக்கோ" என்றேன். அவள் திரும்பி வந்து "நல்லா இருக்காரு" என்றாள். நான் அதை நம்ப விரும்பினேன், நம்பினேன். ஆறாவது மணியில் வேறொரு குழுவின் டாக்டர் தற்செயலாக உன் பாதத்தைத் தொட்டார். சில்லிட்டிருந்தது.

முன்னாலேயே பார்த்திருந்தால் கால் பிழைத்திருக்குமா என்று மூன்று அறுவை மருத்துவர்களிடம், யாரோ ஒருவரின் கதை போலக் கேட்டிருக்கிறேன். ஒருவர் பிழைத்திருக்கும் என்றார், ஒருவர் இல்லை என்றார், ஒருவர் சொல்ல முடியாது என்றார். ஆஸ்பத்திரியில் நான் உள்ளே வராததற்குக் காரணம் இதுதான். வந்தால் சொல்லிவிடுவேன். சொல்லாமல் உன் முகத்தைப் பார்க்க முடியாது.

இப்போது ஆறு நாட்டுக்காரர்களுக்கு இந்தப் பாடத்தைச் சொல்லித்தர நான் உட்கார்ந்திருக்கிறேன். நாளை பெரிய டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லப்போகிறேன்.

நீ இனி எழுதாவிட்டாலும் எனக்குப் புரியும்.

அக்கா


செப்டம்பர் 5

அக்கா,

உன் கடிதம் வந்து ஐந்து வாரம். முதல் இரண்டு நாள் கடை திறக்கவில்லை. யாரோ கொண்டுவந்த மோட்டாரைக் காலால், அதாவது கட்டைக் காலால், உதைத்தேன். மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை. கால் கழன்று கதவோரம் போய் விழுந்தது. குண்டூசி எடுத்துக்கொண்டு வந்து "அப்பா, இதுல கோபத்தக் காட்டாதீங்க, புதுசு" என்றாள்.

எட்டு தடவை. அதைப் படித்ததும் உன்னை என்னென்னவோ திட்டினேன். எழுத மாட்டேன், வீட்டில் எல்லாரும் கேட்டாயிற்று.

அப்புறம் அந்த நர்ஸ் வரியில் வந்து நின்றுவிட்டேன். பதின்மூன்றை நீ பார்த்துக்கொள் என்று அனுப்பியதாக எழுதியிருந்தாயே. அது எனக்குத் தெரியாது. அவள் வந்தாள் அக்கா. ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை வந்தாள். சின்னப் பெண், கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது. "கால் மரத்துப் போயிருக்கா? விரல அசைங்க பாப்போம்" என்றாள். இரண்டாவது தடவை அவள் வந்தபோது எனக்கு விரலே தெரியவில்லை. மரத்துப்போய்க் கட்டையாகக் கிடந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எனக்கு ஒண்ணுமில்லம்மா, நீங்க பக்கத்துல இருக்கறவரப் பாருங்க. எங்க அக்கா இங்கதான் இருக்கா. அவ வருவா."

வீம்பு. வேறென்ன? நீ வந்து பார்க்கிற வரைக்கும் வேறு யாருக்கும் காட்டமாட்டேன் என்ற வீம்பு. சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அம்மா கொடுத்தாலும் மாத்திரை சாப்பிடமாட்டேன், நீ பள்ளிக்கூடம் விட்டு வரட்டும் என்று வாயை இறுக்கிக்கொண்டு கிடப்பேனே, அதே கழுதைதான் நாற்பது வயதிலும் அந்த மைதானத்தில் கிடந்தது.

மூன்று வருடமாக இதை என் வீட்டுக்காரியிடம்கூடச் சொல்லவில்லை. உன்மேல் கோபமாக இருக்கும் வரைக்கும் இதை நினைக்க வேண்டியதில்லை, அது வசதியாக இருந்தது. இப்போது சொல்லிவிட்டேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அப்புறம் "ரெண்டு பேரும் ஒரே வயித்துல பொறந்ததுக்கு வேற சாட்சியே வேண்டாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

வேலையை விட்டுவிடாதே. விட்டிருந்தால் போய்த் திரும்பக் கேள்.

இன்னொன்று. உங்கள் நாடகத்துக்காரர்களுக்குக் கத்தத்தான் தெரியும். உங்களுக்கு வேண்டியது கத்தாத ஆள். "எனக்கு ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே காலை இழக்கிற ஆள். அது எனக்கு நடிக்கவே வேண்டாம். தேதி சொல்லு, வந்து படுக்கிறேன்.

தம்பி


செப்டம்பர் 12

டேய்,

உன் கடிதத்தை ஸ்டோர் ரூமில் வைத்துப் படித்தேன். குளுக்கோஸ் பெட்டிகளுக்கு நடுவில். ஏன் அங்கே போனேன் என்று உனக்குத் தெரியும்.

அந்த நர்ஸ் பொய் சொல்லிவிட்டாளோ என்று இத்தனை நாள் மனதுக்குள் அவளையும் வைதிருக்கிறேன். அவள் வேறு நாட்டுக்கு வேலைக்குப் போய்விட்டாள். முகவரி தேடி எழுதப்போகிறேன்.

உன்னை நான் எதிர்த்துச் சண்டை போடப்போவதில்லை. ஆனால் "எனக்கு ஒண்ணுமில்ல" என்று நீ சொன்னதால் என் பங்கு குறையாது. வலிக்கிறவன் என்ன சொன்னாலும் தொட்டுப் பார்க்க வேண்டியது எங்கள் வேலை.

வேலை போகவில்லை. உனக்கு எழுதிய மறுநாளே பெரிய டாக்டரிடம் சொன்னேன். கடைசிவரை கேட்டார். "வேலைய விடறதுக்கு இது காரணமில்ல. பாடத்த எழுதாம இருக்கறதுக்கும் காரணமில்ல. திங்கக்கிழமைக்குள்ள எழுதிக் குடுங்க" என்றார். கதவு வரை போனவளைத் திரும்பக் கூப்பிட்டு, குடும்பத்தார் யாராவது காயம்பட்டு வந்தால் அந்த ஆளைப் பார்க்கும் பொறுப்பை வாய்விட்டுச் சொல்லி, எழுதி, வேறொருவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று ஒரு விதி சேர்க்கச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை எழுதி முடித்தேன். பதினொரு பக்கம். ஊர் பெயரோ ஆள் பெயரோ இல்லை, "ஒரு நர்ஸ், அவருடைய தம்பி" என்று மட்டும் இருக்கிறது. அனுப்புகிறேன், படித்துப் பார். உனக்குப் பிடிக்காத வரியை அடித்துவிடு.

முதன்முறையாக முழு ஒத்திகை, அக்டோபர் 18 அன்று. ஆறு குழுக்களும் வருகின்றன. ரயிலில் கீழ்ப் படுக்கை போட்டிருக்கிறேன். ஸ்டேஷனுக்கு நானே வருவேன்.

அக்கா


அக்டோபர் 25

அக்கா,

ஊர் வந்து சேர்ந்தேன். நேரில் இருந்த மூன்று நாளும் நாம் ஜெனரேட்டரையும் குண்டூசியின் கணக்குப் பாடத்தையும் பற்றித்தான் அதிகம் பேசினோம் என்பதைக் கவனித்தாயா? எழுதினால்தான் நமக்கு வாய் திறக்கும் போலிருக்கிறது.

ஒத்திகையன்று நீ தேர்வாளர்களோடு வாசலில் நின்றாய், கிட்டே வரக்கூடாது என்று விதி. நான் கிடந்த இடத்தில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. சொல்கிறேன்.

எனக்கு இந்தப் பக்கம் கிடந்தவர், விரல் வெட்டுக்குக் கத்தினார் என்று நீ எழுதிய அந்த நாடகக்காரர். இந்தத் தடவை அவருக்கு வயிற்றில் அடி. பாதகமில்லை, நன்றாக முனகினார். முதல் அரை மணியில் ஒரு டாக்டர் வந்தார். "ஒண்ணுமில்ல டாக்டர்" என்றேன். போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. கூடாரத்துத் துணி காற்றில் அடிக்கிற சத்தம் அதேதான். எழுந்து போய்விடலாமா என்றுகூடப் பார்த்தேன். அந்த நேரம் வாசலில் உன்னைத் தேடினேன். நீ மதிப்பெண் அட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். கண்ணை எடுக்கவில்லை. சரி, கிடப்போம் என்று கிடந்தேன்.

அடுத்த சுற்றில் உயரமான ஒரு பெண் டாக்டர் வந்தாள், நம் மொழி தெரியாது. நான் ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினேன். அவள் கேட்கவில்லை. குனிந்து ஷூவைக் கழற்றாமல் சாக்ஸுக்குள் விரலை விட்டு இடது பாதத்தில் நாடி பார்த்தாள். பார்த்தாள், பார்த்தாள், முகம் வெளுத்துவிட்டது. சில்லென்று இருக்கிறது, நாடியே இல்லை, கட்டைபோல விறைத்திருக்கிறது என்று அவள் மொழியில் கத்தியிருக்கிறாள், பிறகுதான் சொன்னார்கள். நான்கு பேர் ஓடிவந்து மஞ்சளைப் பிடுங்கிச் சிவப்பைக் கட்டி என்னைத் தூக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்துவிட்டார்கள். நீங்கள் எல்லாரும் ஏன் இப்படி ஓடுகிறார்கள் என்று பார்த்தீர்களே, இதற்காகத்தான். அறுவைக் கூடாரத்தில் ஷூவோடு சேர்த்துக் கால் முழுவதும் கையோடு வந்ததும் அந்தப் பெண் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் நான் சிரித்து, அவள் சிரித்து, பெரிய டாக்டர் முகத்தை மூடக் கோப்பைத் தேடி. அந்தக் குழுதான் முதலாவதாகத் தேறியது என்று கேள்விப்பட்டேன். தேறட்டும், அவள்தான் தொட்டுப் பார்த்தாள்.

பிறகு எல்லார் முன்னாலும் என்னைப் பேசச் சொன்னார்கள். பேசும்போது நடுவில் நிறுத்திவிட்டேன், ஏன் என்று நீ கேட்கவில்லை. மொழிபெயர்ப்பவர்கள் "எங்க அக்கா வருவா" என்பதை ஒவ்வொருவராக ஒவ்வொரு மொழியில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆறு தடவை. அதைக் கேட்டு முடிக்க எனக்கு நேரம் வேண்டியிருந்தது.

எல்லாரும் சாப்பிடப் போன பிறகு நீ வந்தாய். கீழே உட்கார்ந்து காலைக் கழற்றினாய். வெட்டிய இடத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். நான் கூரையைப் பார்த்துக்கொண்டேன். "இங்க தோல் சிவந்திருக்கு பாரு. உறைய ரெண்டு நாளைக்கு ஒருதரம் தோய்க்கறியா இல்லையா" என்றாய். இந்தக் காலைப் பற்றி நீ என்னிடம் நேரில் சொன்ன முதல் வார்த்தை அதுதான். திட்டு வாங்கியது இவ்வளவு நன்றாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

டிசம்பர் ஒத்திகைக்கும் வருகிறேன் என்று பெரிய டாக்டரிடம் சொல்லியிருக்கிறேன். இனி தினமும் தோய்க்கிறேன்.

தம்பி


ஜனவரி 19

தம்பி,

இதை ஒரு பெட்டியின்மேல் வைத்து எழுதுகிறேன், கோணலாக இருக்கும். எல்லைக்கு அந்தப் பக்கம் வெள்ளம், செய்தியில் பார்த்திருப்பாய். எங்கள் மையத்தில் பயின்ற மூன்று குழுக்கள் வந்திருக்கின்றன. எல்லாருக்கும் ஒரே நிறப் பட்டைகள். நான் பார்வையாளராகத்தான் வந்தேன், ஆனால் கை சும்மா இருக்குமா?

நேற்று சுவர் விழுந்து காலில் அடிபட்ட ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். தையல் வேலை செய்கிறவர், முப்பது வயது இருக்கும். மஞ்சள். சரியான முடிவுதான், நானும் அதைத்தான் கட்டியிருப்பேன். டிசம்பர் வகுப்பில் உன் பேச்சைக் கேட்ட ஒரு நர்ஸ் அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது சுற்றில் அந்தப் பெண் "எனக்குப் பரவால்ல, என் கொழந்தையப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். குழந்தைக்கு ஒன்றுமில்லை, பச்சைப் பட்டையோடு பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது. நர்ஸ் சரி சரி என்று சொல்லிக்கொண்டே பாதத்தைத் தொட்டிருக்கிறார். சில்லிட ஆரம்பித்திருந்தது. சிவப்பாக மாற்றினார். கால் மணி நேரத்தில் டாக்டர், உள்ளே வீங்கி ரத்த ஓட்டத்தை நெரித்துக்கொண்டிருந்த தசையைத் திறந்து அழுத்தத்தை விடுவித்துவிட்டார்.

இன்று காலை போய்ப் பார்த்தேன். விரல் ஐந்தையும் அசைத்துக் காட்டினார். கால் இருக்கிறது.

அந்தப் பெண்ணுக்கு உன்னைத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. உனக்குத் தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

அக்கா


பிப்ரவரி 2

அக்கா,

கடிதம் கடைக்கு வந்தது. ஒரு மோட்டார் காயிலைப் பாதி கட்டியிருந்தேன். பிரித்து நின்றபடியே படித்தேன். இன்னொரு தடவை படித்தேன். காயிலில் எத்தனை சுற்று சுற்றினேன் என்பது மறந்துபோய்விட்டது, எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தேன். என் வீட்டுக்காரி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "என்ன இந்நேரத்துல? அண்ணி என்ன எழுதியிருக்காங்க?" என்றாள்.

"ஒருத்தங்களுக்குக் கால் இருக்காம்" என்றேன்.

யாருக்கு என்று அவள் கேட்கவில்லை. மடித்த துணியை எடுத்துத் தள்ளி வைத்துவிட்டு எனக்குப் பக்கத்தில் இடம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்தாள். அன்று பிற்பகல் நான் கடைக்குப் போகவில்லை.

தம்பி